கரிக்கூடை: கொள்கலன் என்னும் பிழைக்கொள்கை

புகையடுப்புக்குள் கரியைத் தாங்கும் கம்பிக்கூடை வெறும் கொள்கலன்தான் என்றும், தீயின் போக்கைக் காற்றுத் துளைகள் மட்டுமே முடிவு செய்கின்றன என்றும், ஆகவே கைக்குக் கிடைத்த வலையைச் சுருட்டிக் கட்டி, அடுப்புக்குள் நுழையும் அளவுக்குப் பெரிதாக ஒன்றைச் செய்துகொண்டால் வேலை முடிந்தது என்றும் ஒரு கருத்து, அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் சொந்தமாக அடுப்புக் கட்டுவோரிடையே வேரூன்றியிருக்கிறது. கேட்பதற்கு எளிமையாகவும் செலவுக்கு இதமாகவும் இருக்கும் இக்கருத்து, கூடை என்ன செய்கிறது என்ற கேள்வியை எழுப்பாமலேயே அதற்கு விடை சொல்லிவிடுகிறது.

புகையடுப்பு என்று இங்கே குறிக்கப்படுவது, இறைச்சியைத் தழலுக்கு நெருக்கமாக வைத்து வாட்டாமல், மூடிய கலத்துக்குள் ஏறக்குறைய 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையான மிதமான சூட்டிலும் மரப்புகையிலும் பல மணிநேரம் கிடத்தி வேகவைக்கும் அடுப்பாகும். டெக்சஸ் மாநிலத்தில் எண்ணெய்த் தொழிலுக்கான பெருங்குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் செய்த, பக்கத்தில் தனித் தீயறை கொண்ட அடுப்புகள் ஒரு வகை. 55 காலன், அதாவது 208 லிட்டர் கொள்ளும் எஃகுப் பீப்பாயின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, உள்ளே கரிக்கூடையை இறக்கி, மேலே கம்பித்தட்டும் மூடியும் வைத்துச் செய்யும் பீப்பாய் அடுப்பு மற்றொரு வகை. பின்னதில் தனித் தீயறை கிடையாது. கூடைதான் தீயறையின் இடத்தில் நிற்கிறது. ஆகவே விவாதத்தைப் பீப்பாய் அடுப்பின்மேல் வைத்து நடத்துவதே பொருத்தம்.

எதிர்த்தரப்பின் வாதம் அதன் வலுவான வடிவில் மூன்று கிளைகளாக விரிகிறது. ஆக்சிஜன் இல்லாமல் கார்பன் எரியாது. உள்ளே வரும் காற்றைத் துளையின் அடைப்பான் அளந்து விடுகிறது. எனவே ஒரு மணிநேரத்தில் எவ்வளவு கரி எரியும் என்பதைக் கூடையின் வடிவம் மாற்ற முடியாது என்பது முதற்கிளை. 1952ஆம் ஆண்டு ஷிகாகோப் பகுதியில் உலோகப் பட்டறை ஒன்றில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவை செய்யும் உலோக அரைக்கோளங்களைக் கொண்டு வெபர் கெட்டில் அடுப்பை உருவாக்கிய நாளிலிருந்து, அதன் ஒரு பக்கத்தில் கரியைக் குவித்துவைத்தே பல தலைமுறையினர் நன்றாகச் சமைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது. தீக்குள் கிடக்கும் எந்த உலோகமும் ஒருநாள் அரித்துப்போகும் என்பதால், மலிவான வலையில் செய்து, கெட்டுப்போனதும் வேறொன்று செய்துகொள்வதே புத்திசாலித்தனம் என்பது மூன்றாவது. இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வாதம் அன்று. முதற்கிளையின் முன்பாதி வேதியியல்படி சரியானது. அதிலிருந்து பெறப்பட்ட முடிவுதான் தவறு.

முதல் மறுப்பு. காற்றுத் துளை ஆள்கிறது என்றால், அது எதை ஆள்கிறது? ஒரு கிலோ கார்பன் முழுமையாக எரிவதற்கு 2.67 கிலோ ஆக்சிஜன் தேவை. அந்த ஆக்சிஜன் ஏறக்குறைய 11.5 கிலோ காற்றில் அடங்கியிருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் அக்காற்றின் கன அளவு 9.5 கன மீட்டருக்குச் சற்று மேல். 110 டிகிரியில் நிலைநிறுத்தப்பட்ட பீப்பாய் அடுப்பு மணிக்குச் சுமார் அரை கிலோ கரியைத் தின்கிறது என்று கொண்டால், கரியில் சாம்பலும் ஈரமும் உண்டு என்பதைக் கழித்துப் பார்க்கையில், எரிப்புக்கு வேண்டிய காற்று மணிக்கு நான்கு கன மீட்டர், அதாவது நொடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதல். அடியிலுள்ள இரண்டு மூன்று சிறு குழாய்களின் வழியே வரும் இந்த மெல்லிய ஓட்டத்தின் அளவை அடைப்பான் தீர்மானிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே வந்தபின் அது எந்தக் கரியின் ஊடே செல்லும், எந்தக் கரியைத் தொடாமல் விலகிப் போகும் என்பதில் அடைப்பானுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதை முடிவு செய்வது கரிப்படுகையின் வடிவம். படுகைக்கு வடிவம் தருவது கூடை.

குவியலில் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். பீப்பாயின் அடியில் குவித்த கரி நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் கிடக்கும். தடை குறைந்த வழியை நாடும் காற்று, தடித்த நடுவைத் தவிர்த்து, மெலிந்த ஓரங்களின் வழியே மேலேறும். கரியைத் தொடாமல் ஏறிய காற்று எரிப்பில் பங்கு கொள்ளாததோடு, கலத்துக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் புகைபோக்கி வழியே வெளியே எடுத்துச் செல்கிறது. ஓரங்களில் நுழைந்து எரித்த காற்றோ தீயைப் பக்கவாட்டில் பரப்பி, ஒரே வேளையில் கனன்றுகொண்டிருக்கும் கரியின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. கீழ்க்கரி எரிந்து சுருங்கியதும் மேற்கரி சரிந்து விழுகிறது. அதுவரை பற்றாமல் கிடந்த கரி தழலின்மேல் பரவி, ஒரு நாழிகைக்குள் சூடு 30, 40 டிகிரி எகிறுகிறது. அடைப்பானை உடனே மூடினாலும், கனன்றுகொண்டிருக்கும் கரியும் சூடேறிய எஃகும் தம்மிடமுள்ள வெப்பத்தை விட்டுத் தீரும்வரை அடுப்பு இறங்காது. நேரான சுவர் கொண்ட கூடையில் கரி சரிவதற்கு இடமில்லை. எரிந்த இடத்தை மேலுள்ளது நேர்கீழாக இறங்கி நிரப்பும். கூடையின் அடித்தட்டு வழியே ஏறும் காற்று படுகையின் முழு ஆழத்தையும் கடந்தாக வேண்டும்.

எதிர்த்தரப்பு தன் வாதத்துக்குத் தேவையான ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். துளைகளே எரிப்பின் அளவை முழுமையாக ஆள வேண்டுமானால், துளைகளைத் தவிர வேறெங்கும் காற்று நுழையாத அடுப்பு வேண்டும். வீட்டில் வெட்டித் துளைத்த பீப்பாயோ, மூடி முழுதாகப் படியாமலும், குழாய் பொருந்திய இடங்களில் இடுக்கு விட்டும், கசிவோடுதான் இருக்கிறது. கசியும் அடுப்பில் அடைப்பான் பாதி வேலையையே செய்ய முடியும். மீதியைச் செய்யக்கூடிய ஒரே தடுப்பு, தீ பரவும் பரப்பைக் குறுக்கிவைக்கும் கூடைதான். அதாவது, கூடையை அலட்சியம் செய்யும் கொள்கை, எந்த அடுப்புகளைக் குறித்து மிகுதியாகப் பேசப்படுகிறதோ அந்த அடுப்புகளுக்கே பொருந்துவதில்லை.

இரண்டாவது மறுப்பு. கெட்டில் அடுப்பின் சான்று எந்தப் பக்கம் பேசுகிறது? குவியலில் சமைத்தவர்கள் பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் உணவையே சமைத்தார்கள். அதே கெட்டிலில் எட்டு மணி, பத்து மணி நேரம் புகையூட்ட விரும்பியவர்கள் கரியைக் குவிக்கவில்லை. சுவரோரமாக இரண்டு வரிசை அகலத்திலும் இரண்டு அடுக்கு உயரத்திலும் பாம்புபோல் வளைத்து அடுக்கி, ஒரு முனையில் மட்டும் நெருப்பு வைத்து, தீயை வரிசையின் வழியே நகர வைத்தார்கள். படுகையின் அகலத்தையும் உயரத்தையும் கட்டுப்படுத்தி எரியும் அளவை ஆளும் இம்முறை, வலை இல்லாமல் கட்டிய கூடையே தவிர வேறில்லை. கெட்டிலைச் செய்த வெபர் நிறுவனமே 1981இல் நெடுநேரச் சமையலுக்கென்று ஸ்மோக்கி மவுன்டன் என்ற அடுப்பை வெளியிட்டபோது, அதற்குள் துளையிட்ட தகட்டு வளையம் ஒன்றைக் கரித்தட்டின்மேல் நிறுத்தித்தான் கரியை நிரப்பச் செய்தது. பின்னாளில் அவ்வடுப்பைக் கொண்டு போட்டிகளில் சமைத்த ஜிம் மினியனின் பெயரால் வழங்கும் முறை, வளையத்தைப் பற்றாத கரியால் நிரப்பி, அதன்மேல் சிறிதளவு தழலைப் பரப்பி, தீயை மெல்லப் பரவவிடுவது. இன்று பீப்பாய் அடுப்புக்காரர்கள் பலரும் கையாளும் இம்முறை, கரியைச் சுற்றி நிற்கும் சுவரை முன்வைத்தே இயங்குகிறது. கொள்கலன் கொள்கைக்காரரும் ஒவ்வொரு முறை அடுப்பு மூட்டும்போதும் தம் கொள்கைக்கு எதிராகவே நடந்துகொள்கிறார்.

மூன்றாவது மறுப்பு. பெரிய கூடை என்றால் நீண்ட தீயா? மொத்தக் கரியை மணிக்கு எரியும் அளவால் வகுத்தால் மணிநேரம் கிடைக்கும் என்ற கணக்கில் பிழையில்லை. வகுக்கும் எண் மாறாது என்ற நம்பிக்கையில்தான் பிழை. 22 லிட்டர் கொள்ளும் இரண்டு கூடைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று 35 செ.மீ. விட்டமும் 23 செ.மீ. உயரமும் உடையது, மற்றொன்று 50 செ.மீ. விட்டமும் 11 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட உயரமும் உடையது. இரண்டும் ஒரே அளவு கரியைக் கொள்ளும். முதலாவதன் மேற்பரப்பு 960 சதுர செ.மீ.; இரண்டாவதன் மேற்பரப்பு 1,960 சதுர செ.மீ., ஏறக்குறைய இரண்டு மடங்கு. அகன்ற கூடையில் தீ பக்கவாட்டில் ஓடுவதற்கு இரண்டு மடங்கு வெளி கிடைக்கிறது. கசிவுக் காற்று ஒவ்வொன்றும் அங்கே புதிய கரியைச் சந்திக்கிறது. பீப்பாயின் உள்விட்டம் சுமார் 57 செ.மீ. என்பதால், 50 செ.மீ. கூடையின் தழல் சுவரிலிருந்து 3.5 செ.மீ. தூரத்தில் எரிந்து, வெளிப்பக்க வண்ணப்பூச்சைக் கருக்கி, இறைச்சிக்குப் போக வேண்டிய சூட்டைத் தகட்டின் வழியே வெளியே கொட்டுகிறது. 35 செ.மீ. கூடைக்குச் சுற்றிலும் 11 செ.மீ. இடைவெளி கிடைக்கிறது.

அப்படியானால் கூடையை ஒடுக்கமாகவும் உயரமாகவும் கட்டிவிடலாமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. ஒரு கிலோ கார்பன் முழுமையாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது 32.8 மெகாஜூல் வெப்பம் வெளிவருகிறது. கார்பன் மோனாக்சைடு என்ற அரைகுறை நிலையிலேயே நின்றுவிட்டால் வெளிவருவது 9.2 மெகாஜூல் மட்டும். 700 டிகிரிக்கு மேல் கனலும் தடித்த படுகையில், கீழே உருவான டை ஆக்சைடு மேலுள்ள தழலைக் கடக்கையில் அதனோடு வினைபுரிந்து மோனாக்சைடாக மாறுகிறது. பிரெஞ்சு வேதியியலர் பூதுவாரின் பெயரால் அறியப்படும் இவ்வினை வெப்பத்தை உறிஞ்சுவதோடு கரியையும் கூடுதலாகத் தின்கிறது. இரும்பு உருக்கும் ஊதுலைக்கு இது வரம். மேற்காற்று கிடைக்காத மூடிய புகையடுப்புக்கு இது வீண்செலவு, நச்சுவாயுவும்கூட. இவ்வகை அடுப்பை வண்டிக்கொட்டகைக்குள் வைத்து எரிப்பவர், கூடையைப் பற்றி விவாதிக்கும் முன் கதவைத் திறந்துகொண்டு வெளியேறுவது நல்லது. மேலிருந்து பற்றவைக்கும் முறையில் கனலும் அடுக்கு மெல்லியதாக இருப்பதால் இந்த இழப்பு குறைகிறது. ஆனால் ஆழம் கூடக்கூடத் தீ உள்ளே இறங்கி, முழுத் தூணும் ஒருங்கே கனலும் வாய்ப்பும் கூடுகிறது. உயரத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. பீப்பாய் கட்டுவோரின் வழக்கப்படி கூடையின் அடித்தட்டுக்கும் சமையல் தட்டுக்கும் இடையே 60 செ.மீ. இருக்க வேண்டும், 23 செ.மீ. கரி நிரப்பினால் தழலின் மேற்பரப்புக்கும் இறைச்சிக்கும் இடையே 37 செ.மீ. மிஞ்சும், 40 செ.மீ. உயரக் கூடையில் 20 செ.மீ. மட்டுமே மிஞ்ச, கதிர்வீச்சால் இறைச்சியின் அடிப்புறம் கருகும்.

தேவை என்னவென்று கேட்காமல் பெருக்குவதுதான் இங்கே மூலப்பிழை. பிரிஸ்கெட் எனப்படும் முழு மாட்டு நெஞ்சுக்கறி 110 டிகிரியில் வெந்து இளகப் பெரும்பாலும் 12 முதல் 16 மணிநேரம் ஆகிறது. 22 லிட்டர் கூடையில் பிரிக்கெட் எனப்படும் அச்சுக்கரி எட்டு முதல் பத்து கிலோ வரை அடங்கும். மணிக்கு அரை கிலோ என்றால் 16 மணிநேரத்துக்குக் குறையாமல் எரியும். அதற்குமேல் கட்டிய ஒவ்வொரு லிட்டரும் தேவையில்லாத கரியைத் தீயின் எட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. இக்கணக்கு அச்சுக்கரிக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்ஸ்வொர்த் ஸ்வோயர் 1897இல் காப்புரிமை பெற்று, பின்னர் 1920களில் ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் கார்களுக்கான மரவேலையில் மிஞ்சிய கழிவிலிருந்து பெருமளவில் தயாரித்த அச்சுக்கரி, ஒரே வடிவமும் அளவும் உடையதாக இருப்பதால், படுகையில் காற்றிடைவெளிகள் ஓரளவு சீராக அமைகின்றன. கட்டைக்கரி அப்படியன்று; பெரிய துண்டுகள் குறுக்கே சிக்கிக்கொண்டு, அடியில் வெற்றிடம் விட்டு நிற்கும். அதை எரிப்பவர் அகலத்தை மேலும் குறுக்காமல் இருப்பது நல்லது.

நான்காவது மறுப்பு. எந்த உலோகமும் ஒன்றுதானா? கொள்கலன் கொள்கையின் மிக ஆபத்தான பகுதி இதுவே. கடையில் சுருளாகக் கிடைக்கும் மெல்லிய கம்பிவலை பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலை. துத்தநாகம் 419 டிகிரியில் உருகுகிறது, 907 டிகிரியில் கொதிக்கிறது. பூச்சுத் தொழிலினர் தம் பொருளின் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் எல்லை 200 டிகிரி. காற்றூட்டம் பெற்ற கரித்தழலின் மேற்பரப்பு 700 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அத்தழலை அணைத்து நிற்கும் வலையில் பூச்சு உருகி, ஆவியாகி, காற்றில் துத்தநாக ஆக்சைடு என்ற வெண்புகையாக எழும். அப்புகையை மிகுதியாகச் சுவாசித்த பற்றவைப்புத் தொழிலாளர்க்குச் சில மணிநேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வருவது, உலோகப்புகைக் காய்ச்சல் என்ற பெயரில் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த நோய்.

இங்கே எதிர்முனையிலிருந்து எழும் மிகைப்பேச்சையும் ஏற்கக்கூடாது. ஜி.ஐ. வலையில் சமைத்த ஒரு வேளை உணவால் உயிர் போகும் என்பது உண்மையன்று. துத்தநாகம் சிறிதளவில் உடலுக்குத் தேவையான தாது. அந்தக் காய்ச்சலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே தணிகிறது. ஆனால் உயிர் போகாது என்பது ஒரு பொருளைச் சமையல் தீயில் வைப்பதற்குப் போதிய தகுதி ஆகாது. மேலும், பூச்சு எதுவென்று தெரியாத கம்பியைப் பழைய சாமான்களிலிருந்து எடுப்பவர் துத்தநாகத்தோடு நின்றுவிடுவார் என்பதற்கு உறுதியில்லை. பழைய குளிர்சாதனப் பெட்டித் தட்டுகளிலும் சில திருகாணிகளிலும் காட்மியம் பூசப்பட்டிருக்கக்கூடும். 767 டிகிரியில் கொதிக்கும் காட்மியத்தின் புகை காய்ச்சலோடு விடுவதில்லை, நுரையீரலை அழித்துக் கொல்லவும் கூடும்.

ஒருமுறை பெருந்தீயில் சுட்டுப் பூச்சை எரித்துவிட்டால் பிறகு கவலையில்லை என்பது இவ்விடத்தில் வழக்கமாக வரும் பதில். இப்பதில் தன்னையே தோற்கடித்துக்கொள்கிறது. பூச்சை எரித்துப் போக்குவது என்றால், தவிர்க்க வேண்டிய புகையைத் தன் வீட்டு முற்றத்தில் வேண்டுமென்றே உண்டாக்குவது என்று பொருள். அப்படியும் முழுதாகப் போய்விடாது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சின் அடிப்பகுதியில் இரும்பும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை அடுக்குகள் உருவாகியிருக்கின்றன. எல்லாம் போனபின் எஞ்சுவது என்ன? கால் அங்குலக் கண் கொண்ட வலையானால் 0.6 மி.மீ. தடிமனுள்ள வெறுங்கம்பி. பூச்சில்லாத கருப்பு எஃகை முதலிலேயே வாங்கியிருந்தால் இத்தனைக்கும் இடமிருந்திருக்காது.

ஐந்தாவது மறுப்பு. வலையின் கண்ணும் கம்பியின் தடிமனும் எப்படியிருந்தால் என்ன என்ற கேள்விக்கு விடை, அடுப்புக்கட்டுவோர் தேர்ந்துவைத்திருக்கும் பொருளிலேயே உண்டு. எஃகுத் தகட்டில் இடைவிட்டுக் கீறி இழுத்து வைரக்கண் வடிவில் விரித்த எக்ஸ்பாண்டட் மெட்டலில், முக்கால் அங்குலம் 9ஆம் எண் என்ற ரகத்தின் கண் சுமார் 14 மி.மீ. அகலமும் 43 மி.மீ. நீளமும் உடையது, அதன் பட்டை 3.4 மி.மீ. தடிமன். பற்றாத அச்சுக்கரி இக்கண்ணில் விழாது, சாம்பல் தங்காது. கால் அங்குல வலையில் சாம்பல் அடைத்துக்கொள்கிறது. அடைத்துக்கொண்ட அடித்தட்டின் மேல் அடைப்பானை எவ்வளவு திறந்தாலும் காற்று கூடையைச் சுற்றிக்கொண்டுதான் போகும். மென்னெஃகு 600 டிகிரியை நெருங்கும்போது தன் தாங்குவலிமையில் பாதியை இழந்துவிடுவதோடு, ஏறக்குறைய 570 டிகிரிக்கு மேல் அதன் மேற்பரப்பு செதில் செதிலாக வேகமாக ஆக்சைடாகி உதிர்கிறது. உதிரும் அடுக்கு எந்தக் கம்பியிலும் ஒன்றே, 3.4 மி.மீ. பட்டை அதைப் பல பருவம் தாங்கும், 0.6 மி.மீ. கம்பிக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை.

கெட்டுப்போனால் வேறொன்று செய்துகொள்ளலாம் என்ற மலிவு வாதம் இங்கே வந்து உடைகிறது. கூடை அலமாரியில் இருக்கும்போது கெட்டுப்போவதில்லை. சமையலின் நடுவில், சுமையோடும் தழலோடும் இருக்கும்போதுதான் அடி வாய்பிளக்கிறது. அல்லது மிச்சக் கரியோடு தூக்கும்போது கைப்பிடி கட்டிய கட்டுக்கம்பி அறுகிறது. கரி நிரம்பிய கூடையின் எடை 13 கிலோவை எட்டும். மலிவுக் கணக்கைப் போடுகிறவர் அந்தப் பதின்மூன்று கிலோ எங்கே விழும் என்ற வரியை அதில் எழுதுவதில்லை.

ஆறாவது மறுப்பு, சுருக்கமானது: கூடையைப் பீப்பாயின் தரையில் நேராக வைப்பது. தமிழ்நாட்டுக் குமுட்டி அடுப்பில் கரி கிடக்கும் தட்டுக்குக் கீழே சாம்பல் விழவும் காற்று நுழையவும் தனி அறை இருப்பதை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கீழறையை அடைத்துவிட்டால் மேலே விசிறிப் பயனில்லை. காற்றுக் குழாய்கள் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருந்தால், கூடையின் அடித்தட்டு 7, 8 செ.மீ. உயரத்தில் கால்களின்மேல் நிற்க வேண்டும். கீழே சாம்பல் தட்டு இருக்க வேண்டும். அச்சுக்கரியின் சாம்பல் கட்டைக்கரியின் சாம்பலைவிட மிகுதி என்பதால், பத்தாவது மணிநேரத்தில் மூச்சுத் திணறும் அடுப்புகளில் பலவற்றுக்குக் காரணம் இந்தக் கால்கள் இல்லாமையே.

இத்தனை நிபந்தனை இருக்குமானால் கடையில் வாங்கிவிடுவதே மேல் என்று முடிவு கட்டும் தரப்பும் தவறுகிறது. கடைக்கூடை ஒரு பொது அளவுக்குச் செய்யப்பட்டது. வீட்டில் கட்டிய அடுப்போ, அதன் துளைகள் எங்கே விழுந்தனவோ, தட்டு எந்த உயரத்தில் அமர்ந்ததோ, அதற்கேற்ற கூடையைக் கேட்கிறது. மேலும், செய்முறை அச்சுறுத்தும் அளவுக்குக் கடினமானதன்று. 122 செ.மீ. நீளமும் 61 செ.மீ. அகலமும் கொண்ட ஒரே எக்ஸ்பாண்டட் மெட்டல் தகட்டிலிருந்து 23 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை நீளவாக்கில் வெட்டினால் சுவர் கிடைக்கிறது, 35 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 110 செ.மீ. ஆவதால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருந்த 12 செ.மீ. மிஞ்சும். மீந்த 38 செ.மீ. அகலத் துண்டிலிருந்து இரண்டு வட்டங்களை வெட்டி, வைரக்கண்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு அடுக்கினால், சுருங்கிய தழல் நழுவாத அடித்தட்டு கிடைக்கிறது. வெறும் கூடை நான்கு கிலோவைச் சற்றே தாண்டும்.

பற்றவைப்பு இல்லாமல் கூடை நிற்காது என்பதும் ஆராயாத நம்பிக்கை. 122 செ.மீ. எஃகுப் பட்டை 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 9 மி.மீ. நீளும், தீ ஒரு பக்கம் மட்டும் எரியும் வேளையில் ஒரு பாதி நீண்டும் மறுபாதி நீளாமலும் இருக்கும். வைரக்கண்களின் வழியே போல்ட்டைச் செலுத்தி, இருபுறமும் அகன்ற வாஷர் இட்டு முடுக்கிய இணைப்பு இந்த நீட்சிக்குச் சற்று நகர்ந்து கொடுக்கிறது; நன்றாகச் செய்யாத பற்றவைப்பு விரிசல் விடுகிறது. அந்தப் போல்ட்டுகளும் பூச்சில்லாதவையாக, அல்லது துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். மெல்லிய துத்தநாகப் பூச்சு மட்டுமே உள்ள சிறு திருகாணிகளை வினிகரில் ஊறவைத்துப் பூச்சைக் கரைத்துக்கொள்ளலாம்.

செலவைப் பொருட்படுத்தாமல் முழுக் கூடையையும் எவர்சில்வரில் செய்வோரின் பெருமிதத்துக்கும் ஒரு வார்த்தை. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு 850 டிகிரி வரை செதிலாகாமல் தாங்குவது மெய். ஆனால் அது மென்னெஃகைவிட மிகுதியாக விரிவதும், வெப்பத்தை அதைவிட மிகக் குறைவாகக் கடத்துவதும் அதே அளவு மெய். இவ்விரண்டும் சேரும்போது சூடான இடம் சூடாகவே நின்று கோணிக்கொள்கிறது. மெல்லிய எவர்சில்வர் கூடை அரித்துப்போகாது; வளைந்து, பீப்பாயின் வாயில் நுழையாமல் நிற்கும். அளவும் வடிவமும் தவறிய கூடையை விலையுயர்ந்த உலோகத்தில் செய்வதால் தவறு நீண்டகாலம் உழைக்கிறது என்பதே பயன்.

மோசமான கூடைகளிலும் நல்ல பிரிஸ்கெட் வெந்திருக்கிறதே என்ற கடைசிக் கேள்வி எஞ்சுகிறது. வெந்திருக்கிறது, இரவில் மணிக்கு ஒருமுறை எழுந்து, அடைப்பானைத் திருகி, கம்பியால் சாம்பலைக் குத்தி, சரிந்த கரியை ஒதுக்கிவிட்ட ஒருவர் அருகில் இருந்ததால் வெந்திருக்கிறது. கூடை செய்யாத வேலையை அவர் செய்தார். அந்த வெற்றியைக் கூடையின் கணக்கில் வரவு வைப்பது முறையன்று. கோழியையோ மீனையோ ஒரு மணிநேரத்தில் சுட்டெடுப்பவருக்கு மேற்சொன்ன அளவுகள் எதுவும் தேவையில்லை என்பதையும், கெட்டிலின் ஓரத்தில் குவித்த கரியே அவருக்குத் தாராளம் என்பதையும் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம். அங்கே தீ தன் வடிவத்தை இழப்பதற்கு முன்பே சமையல் முடிந்துவிடுகிறது.